நான் கண்டுபிடிக்காத இரட்டை நட்சத்திரம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டெஸ்டிங் லேபில் எனக்கு வேலை. தோலை இழுத்துக் கிழித்துப் பார்ப்பது, மடக்கி மடக்கி எப்போது வெடிக்கிறது என்று பார்ப்பது, சாயம் துணியில் ஒட்டுகிறதா என்று தேய்த்துப் பார்ப்பது. படித்தது எம்.எஸ்சி. இயற்பியல். கல்லூரிகளில் வேலை கேட்டுப் போனபோதெல்லாம் பிஎச்.டி. இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். முப்பத்தைந்து வயதில், சரி, அந்தக் கண்றாவியையும் முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். அதில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். இதில் யோக்கியர்கள் கம்மி. அந்தக் கம்மியில் நானும் சேர்த்தி இல்லை.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே ஹைவே ஓரமாக ஒரு தனியார் கல்லூரி. பார்ட் டைமாகச் சேர்த்துக்கொள்வார்கள். இயற்பியல் துறையில் இருந்த வழிகாட்டிகள் எல்லாரும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கண்ணாடித் தகட்டில் ஏதோ ஒரு ரசாயனத்தைத் தெளிப்பது, சூடாக்குவது, எக்ஸ்ரே எடுப்பது, கிராஃபை ஒட்டி பட்டம் வாங்குவது. அடுத்து வருகிற மாணவன் ரசாயனத்தை மட்டும் மாற்றுவான். ஆய்வேட்டின் முன்னுரை மாறாது. எழுத்துப் பிழைகள்கூட மாறாது.

நான் துறைத்தலைவரிடம் போய், மில்லிசெகண்ட் பல்சார்களின் காமா கதிர்களைப் பற்றிச் செய்ய வேண்டும் என்றேன்.

"அதுக்கு டெலஸ்கோப்பு வேணுமேம்மா. நம்மகிட்ட இல்லியே."

"வேணாம் சார். காமா கதிர் நம்ம காத்து மண்டலத்தைத் தாண்டி உள்ள வராது. மேல ஒரு செயற்கைக்கோள் சுத்திக்கிட்டே இருக்கு. அது புடிக்கிறதை எல்லாருக்கும் இலவசமா நெட்ல போட்டுடறாங்க. லேப்டாப் இருந்தா போதும்."

"செலவு இல்லைன்ற." அவர் முகம் தெளிந்தது. "அஸ்ட்ரோன்னா ஒரு வேல்யூ இருக்கு. நானே கைடு பண்றேன்."

அப்படித்தான் அவர் எனக்கு வழிகாட்டி ஆனார். அந்த நாளுக்குப் பிறகு, ஒன்றே ஒன்றைத் தவிர, நான் அனுப்பிய எந்தக் கோப்பையும் அவர் திறந்ததாக எனக்குச் சாட்சி இல்லை.

வீட்டிலும் நிலைமை இதே லட்சணம்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறேன். அண்ணி எல்லாரிடமும் நான் ராத்திரியெல்லாம் மொட்டை மாடியில் நின்று நட்சத்திரம் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கண் எதிரிலேயே, காலையில் கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால், ஹாலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருப்பேன். இட்லித் தட்டை என் பக்கத்தில் வைத்துவிட்டு, "மீன ராசிக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பாள். தெரியாது என்பேன். "அப்ப இன்னாத்தப் படிக்கிற?" என்பாள்.

படித்தது இதைத்தான். ஒரு பெரிய நட்சத்திரம் செத்த பிறகு மிஞ்சுகிற உருண்டை, ஒரு ஊர் அகலம்தான் இருக்கும், ஆனால் சூரியனைவிட எடை ஜாஸ்தி. அது சுற்றச் சுற்ற, ஒளி நம் பக்கம் வந்து வந்து போகும். அதுதான் பல்சார். அதில் ஒரு வகை வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை சுற்றுகிறது. அந்த வேகம் அதன் சொந்தச் சம்பாத்தியம் இல்லை. கூடவே சுற்றுகிற துணை நட்சத்திரத்தின் பொருளை இழுத்துத் தின்று தின்று வந்த வேகம். தின்று முடித்த பிறகு தன் கதிராலேயே அந்தத் துணையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொசுக்கவும் செய்கிறது. இந்த ஜோடிகளுக்கு, ஜோடியைத் தின்னும் சிலந்தியின் பேரை வைத்துக் கறுப்பு விதவை என்று பேர்.

வானத்தில் காமா கதிர் வருகிற இடங்கள் நிறைய. அவற்றில் பலது என்னவென்றே யாருக்கும் தெரியாது. பேர் கிடையாது, எண் மட்டும்தான். அதில் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். அது ஒரு கறுப்பு விதவையாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தது. மங்கலான இடம். நாள் முழுக்கக் காத்திருந்தால் காமா ஒளித்துகள் ஒன்று வந்தால் உண்டு, சில நாள் அதுவும் இல்லை. ஒவ்வொரு துகளுக்கும் வந்த நேரம், சக்தி, திசை என்று ஒரு வரி. வருஷக்கணக்கான வரிகளைச் சேர்த்து, அவை ஏதாவது ஒரு கால இடைவெளியில் ஏறி இறங்குகின்றனவா என்று தேட வேண்டும். சில ஜோடிகளில், ஒன்றையொன்று சுற்றும்போது காமா ஒளி கொஞ்சம் கூடிக் குறையும். அது கிடைத்தால் ஜோடி எத்தனை நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குக் கிடைத்தது. கிராஃப் முழுக்கப் புல் மாதிரி சின்னச் சின்னக் கோடுகள். நடுவில் ஒன்று மட்டும் பனைமரம் மாதிரி நின்றது. அது நின்ற கால இடைவெளி மூன்று மணி நேரம் பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். கறுப்பு விதவை ஜோடிகள் சுற்றுகிற நேரத்துக்குப் பொருத்தமான கணக்கு. அண்ணி டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, தேடுகிற நிரலைத் திரும்பவும் ஓட்டினேன். அதே மரம், அதே இடம்.

அப்போது நான் செய்த முட்டாள்தனம், அதை அன்று சாயங்காலமே சாருக்கு அனுப்பியது.

அவர் உடனே போன் செய்தார். அவர் எனக்கு உடனே போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"இது உலகத்துல யாரும் கண்டுபிடிக்கலியா?"

"இந்த இடத்துக்கு யாரும் சொன்னதா தெரியலை சார். ஆனா இன்னும் செக் பண்ணணும். நிறைய இருக்கு."

"பண்ணு, பண்ணு. நான் தாளாளர்கிட்ட ஒரு வார்த்தை போட்டு வெக்கிறேன்."

"வேணாம் சார், இப்ப வேணாம்."

"சும்மா காதுல போடறேம்மா."

போட்ட வார்த்தை என்ன ஆயிற்று என்று வியாழக்கிழமை தெரிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கல்லூரியில் அறிவியல் மன்றத் துவக்க விழா. அதில் எனக்குப் பொன்னாடை. பேப்பர்காரர்களுக்குச் சொல்லியாயிற்று. சனிக்கிழமை பர்மிஷன் போட்டுப் போனபோது தாளாளர் என்னைத் தன் அறைக்கே கூப்பிட்டார். இரண்டு வருஷத்தில் அந்த அறைக்கு நான் போனதில்லை. அங்கே ஒரு மீன்தொட்டி இருந்தது, அதில் ஒரே ஒரு மீன்.

"நம்ம ஏரியாப் பொண்ணா? ஆம்பூரா? வெரிகுட். கல்யாணம்?"

"இல்லைங்க."

"அதான் இதுக்கெல்லாம் நேரம் இருக்கு." அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். பிறகு அழைப்பிதழின் மாதிரியை மேஜைமேல் நகர்த்தினார். "இதுல ஒரு சின்ன சங்கடம். கறுப்பு விதவைன்னு போட்டிருக்கு. நல்ல காரியத்துக்கு அடிக்கிற பத்திரிகையில விதவைன்னு வரலாமா?"

"அது அந்த வகைக்கு வெச்ச பேருங்க."

"இருக்கட்டும். வேற பேரே இல்லியா?"

சார் முந்திக்கொண்டார். "சிலந்தின்னு போட்டுக்கலாம் சார். சிலந்தி நட்சத்திரம். நல்லா கேச்சியா இருக்கும்."

என் ஆராய்ச்சியில் அவர் செய்த ஒரே பங்களிப்பு அது. தாளாளர் தலையாட்டினார். அப்படியாக, என் நட்சத்திரம் பிறப்பதற்கு முன்பே சுமங்கலி ஆயிற்று. நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதை மறைக்க மாட்டேன். அழைப்பிதழில் என் பேர் சாரின் பேருக்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில் இருந்தது. இருந்தாலும் அதை இரண்டு தடவை படித்தேன்.

லேபில் என்னோடு வேலை செய்வது பேரணாம்பட்டுப் பெண் ஒருத்தி. கெமிஸ்ட்ரி படித்தவள், என்னைவிட நாலைந்து வயது சின்னவள். வீட்டில் உருது, எங்களிடம் தமிழ். குரோம் சிக்ஸ் சோதனை முழுக்க அவள் பொறுப்பு. தோல் பதனிடப் போடுகிற குரோமியத்தில் கெட்ட வகை ஒன்று கலந்திருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் சரக்கு மொத்தமும் திரும்பி வந்துவிடும். தோலை ஊறவைத்து எடுத்த தண்ணீரில் ஒரு மருந்தை ஊற்றினால், கெட்டது இருந்தால் ஊதா நிறம் வரும். மெஷின் அதை அளக்கும்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது அவளிடம் லேப்டாப்பைத் திறந்து மரத்தைக் காட்டினேன். உண்மையைச் சொன்னால், பீற்றிக்கொள்ளத்தான் காட்டினேன். அவள் டிபன் டப்பாவை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதான் அந்த ஜோடி சுத்துற நேரமா?"

"ஆமா."

"பிளாங்க் போட்டியாக்கா?"

"இன்னா பிளாங்க்?"

"இன்னாக்கா இப்படிக் கேக்கற? நாம தோலே போடாம வெறும் தண்ணியும் மருந்தும் மட்டும் ஊத்தி மெஷின்ல வெப்போம் இல்ல? அதுல சைபர் வரணும். வரலைன்னா தப்பு மெஷின்ல, தோல்ல இல்ல. அந்த மாதிரி, ஜோடியே இல்லாத ஒண்ணை இதே ப்ரோகிராம்ல போட்டுப் பாத்தியா?"

தோல் சோதனையில் பிளாங்க் போடாமல் ரிப்போர்ட் எழுதுகிறவனை நான் முகத்துக்கு நேராகவே கேவலமாகப் பேசுகிறவள். புதிதாக வந்த ஒருவனை அதற்காக அழவே வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை ஹாலில் உட்கார்ந்து, வானத்தில் வேறொரு மூலையில் இருக்கிற பிரபலமான ஒரு பல்சாரை எடுத்தேன். தன்னந்தனியாகச் சுற்றுவது. துணை கிடையாது என்று எல்லாருக்கும் தெரிந்தது. அதே நிரலை ஓட்டினேன்.

மூன்று மணி பத்து நிமிஷம். அதே மரம்.

இன்னொன்றை எடுத்தேன். அது பல்சாரே இல்லை, எங்கோ தூரத்தில் இருக்கிற ஒரு கேலக்ஸியின் நடு. அதற்கும் மூன்று மணி பத்து நிமிஷம். கடைசியில் எதுவுமே இல்லாத ஒரு வெற்று இடத்தை எடுத்தேன். அங்கேயும் சின்னதாக ஒரு மரம் நின்றது. இட்லி காய்ந்து போயிற்று. கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது.

விஷயம் ரொம்ப எளிது. அந்தச் செயற்கைக்கோள் பூமியை ஒரு சுற்று சுற்ற சுமார் தொண்ணூற்றைந்து நிமிஷம். ஒரு சுற்றில் வடக்குப் பக்கம் சாய்ந்து பார்க்கும், அடுத்த சுற்றில் தெற்குப் பக்கம். அப்படி மாறி மாறிப் பார்ப்பதால், எந்த இடமானாலும் ஒரு சுற்றில் ஜாஸ்தி தெரியும், அடுத்த சுற்றில் கம்மியாகத் தெரியும். இரண்டு சுற்றுக்கு எவ்வளவு நேரம்? மூன்று மணி பத்து நிமிஷம். நான் கண்டுபிடித்தது, மேலே இருக்கிற கருவி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவதை. அதைச் செய்து அனுப்பியவர்களுக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும். கையேட்டில் எச்சரிக்கையே எழுதியிருக்கிறார்கள். எத்தனை நேரம் பார்த்தது என்பதற்கு ஏற்ப எண்ணிக்கையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று அதற்கென்று தனியாக ஒரு பக்கம். நான் படிக்காமல் தாண்டிய பக்கம்.

அன்று அரை நாள் லீவு போட்டு நேராகக் கல்லூரிக்குப் போனேன். சார் மேடை அலங்காரக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். தாளாளர் பெரிதாக, சார் நடுத்தரமாக, நான் ரேஷன் கார்டு போட்டோவில் இருக்கிற மாதிரி. பின்னால் வளையத்தோடு சனிக்கிரகமும், கிளம்பிப் போகிற ராக்கெட்டும். இரண்டுக்கும் என் வேலைக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

"சார், தப்பாயிடுச்சு. அது நட்சத்திரம் இல்ல. செயற்கைக்கோளோட ஆட்டம்."

"இன்னாம்மா சொல்ற?"

நான் நாலு கிராஃபையும் காட்டி விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "வேற யாருக்கு இது தெரியும்?" என்றார்.

"லேப்ல ஒருத்தருக்கு. அப்புறம் இதைப் படிச்ச எல்லாருக்கும் தெரியும் சார். உலகத்துக்கே தெரியும்."

"உலகம் நம்ம ஃபங்ஷனுக்கு வரலை. வெள்ளிக்கிழமை முடியட்டும். அப்புறம் மெதுவா பாத்துக்கலாம். ஆராய்ச்சின்னா ஏறும், எறங்கும்."

"இது ஏறி எறங்கலை சார். இல்லவே இல்லை."

"பேஜார் பண்ணாதம்மா. தாளாளர் எவ்ளோ ஆசையா இருக்காரு!"

அவர் கோபப்படக்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும். இருக்கிறதா இல்லையா என்பது அவருக்கு ஒரு கேள்வியே இல்லை. ஷாமியானா சொல்லியாகிவிட்டது, அது ஒன்றுதான் அவருக்கு உண்மை.

வெள்ளிக்கிழமை போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். போகாவிட்டால் என் பேரைச் சொல்லி அவர்களே பேசிக்கொள்வார்கள். போனேன். பேரணாம்பட்டுப் பெண்ணும் அரை நாள் பர்மிஷன் வாங்கிக்கொண்டு வந்தாள். "உன் பொய்யை நான் பாக்க வேணாமா?" என்றாள். முன்வரிசையில் இடம் இருந்தும், கடைசியில் ஃபேனுக்கு அடியில் போய் உட்கார்ந்தாள்.

தாளாளர் பேசினார். வேலூர் மாவட்டம் தோலுக்கு மட்டும் பேர் போனது என்று நினைத்தவர்களுக்கு இந்தக் கல்லூரி பதில் சொல்லிவிட்டதாகச் சொன்னார். நட்சத்திரத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரே தகவல், அது தூரத்தில் இருக்கிறது என்பது. சார் பேசினார். "நாங்கள் இரவு பகலாக உழைத்து" என்று ஆரம்பித்தார். அந்த நாங்களில் யார் யார் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். முனையில் ஸ்டேப்ளர் பின் இருந்தது, கழுத்தில் குத்தியது. மைக்கைக் கொடுத்தார்கள்.

எழுதிக்கொண்டு வந்ததை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன். "எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு இரட்டை நட்சத்திரம் கண்டுபிடிச்சதா சொன்னாங்க. நான் கண்டுபிடிக்கலை. எனக்குக் கிடைச்ச மூணு மணி பத்து நிமிஷக் கணக்கு, செயற்கைக்கோள் வடக்கயும் தெற்கயும் திரும்பறதால வர்றது. எந்த நட்சத்திரத்தைப் போட்டாலும் அதேதான் வரும். நான் போட்டுப் பாத்துட்டேன். தப்பு என்னோடது. செக் பண்ண வேண்டியதைப் பண்ணலை. இந்த இடம் சிலந்தியா இல்லையான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நன்றி."

எல்லாரும் கைதட்டினார்கள்.

சும்மா பேருக்கு இல்லை, பலமான கைதட்டல். முன்வரிசையில் பேராசிரியர்கள் தட்டினார்கள். தலைமை விருந்தினராக வந்திருந்த தோல் ஏற்றுமதி முதலாளி எழுந்து நின்று தட்டினார். தாளாளர் என் பக்கம் சாய்ந்து, "அடக்கமா பேசின" என்றார். அத்தனை பேரில் ஒருத்தருக்கும் நான் சொன்னது காதில் விழவில்லை. விழுந்தது இரண்டு பேருக்குத்தான். ஒருவர் சார்; அவர் முகம் தோல் ஊறப்போட்ட தண்ணீர் நிறத்துக்குப் போயிருந்தது. இன்னொருத்தி கடைசி வரிசையில் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பேப்பரில் வந்தது: சிலந்தி நட்சத்திரம் கண்டுபிடித்த ஆம்பூர் பெண். எழுதியவர் விழாவில் இருந்தாரா, அழைப்பிதழைப் பார்த்து எழுதினாரா தெரியாது. அண்ணி அதை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். "நான் இல்லைன்னு சொன்னேன் அண்ணி" என்றேன். "பேப்பர்லயே வந்துடுச்சு, நீ இன்னா இல்லைன்ற?" என்றாள்.

அதோடு முடிந்திருந்தால் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். மூன்று மாதம் கழித்து ஒரு மெயில் வந்தது. எங்கள் கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டதாம். எந்தக் கட்டுரை? கட்டணம் கட்டினால் எதையும் போடுகிற ஒரு பத்திரிகைக்கு, நான் முதல் நாள் அனுப்பிய கிராஃபை வைத்து சார் கட்டுரை அனுப்பியிருக்கிறார். முதல் பேர் அவருடையது, இரண்டாவது என்னுடையது, மூன்றாவது தாளாளருடைய மருமகன். அவர் கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. காமா கதிர் என்ற சொல்லை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தார்கள்.

பத்திரிகைக்கு எழுதினேன். என் பேரை எடுங்கள், முடிவு தப்பு, காரணம் இது. பதிலாக, அவர்களுடைய ஆசிரியர் குழுவில் சேரும்படி எனக்கு அழைப்பு வந்தது.

சாரிடம் போய், வேறு இடத்துக்கு மாறிக்கொள்கிறேன், ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன்.

"மேடையில என்னை அசிங்கப்படுத்தினவளுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?"

"கைதட்டினாங்களே சார். யாருக்கும் ஒண்ணும் புரியலை."

"எனக்குப் புரிஞ்சுது இல்ல?"

நான் அவரிடம் கேட்ட வார்த்தைகளிலேயே நேர்மையானது அதுதான். ஆனால் கையெழுத்து வரவில்லை. சனிக்கிழமை தோறும் போவேன். அவர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்ச். அதில் உட்கார்ந்திருப்பேன். மீட்டிங்கில் இருக்கிறார், லேபில் இருக்கிறார், இப்போதுதான் போனார். ஒரு தடவை நான் பெஞ்சில் இருக்கும்போதே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு பின்பக்கக் கதவு வழியே போனார். நாற்பதை நெருங்குகிற நானும் அதை எப்போதோ தாண்டிய அவரும், ஒரு காகிதத்துக்காக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒளிந்து பிடித்து விளையாடினோம்.

அடுத்த வருஷ ஆரம்பத்தில் கல்லூரியைச் சோதித்துத் தர மதிப்பெண் போட ஒரு குழு வருவதாக இருந்தது. கட்டுரைகளை எல்லாம் அடுக்கி வைத்தார்கள். இரண்டாவது பேர்க்காரி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தாளாளருக்கு உறைத்திருக்கிறது. கூப்பிட்டு அனுப்பினார். மீன்தொட்டியில் இப்போது அந்த ஒரு மீனும் இல்லை. சார் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"உனக்கு இன்னா வேணும், சொல்லு."

"அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கணும். இல்லைன்னா என் பேரையாவது எடுக்கணும்."

"அது ஆகாது. அச்சாயிடுச்சு. வேற?"

அடுத்த வாரம் வருகிற குழுவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு வெள்ளைத் தாளும் ஒரு பஸ் டிக்கெட்டும் போதும். நான் சொன்னது வேறு.

"அப்ப மாறிப் போறதுக்கு கையெழுத்து."

சார் முன்னால் வந்து, பேனாவைத் திறந்து, பத்து மாதமாக முடியாத கையெழுத்தைப் பத்து வினாடியில் போட்டார். முத்திரைகூட மேஜைமேல் தயாராக இருந்தது. காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். குழு வந்தபோது நான் கம்பெனியில் ஷூவின் அடிப்பாகத்தை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டுரை இன்னும் நெட்டில் இருக்கிறது. என் பேர் இரண்டாவதாக இருக்கிறது. அவர்களை எவ்வளவு வேண்டுமானாலும் இளக்காரமாகப் பேசலாம், பேசுகிறேன். ஆனால் அந்த அறையில் நடந்த வியாபாரத்தில் நானும் ஒரு கை.

"நீ சொல்லியிருந்தா மட்டும் இன்னா ஆயிருக்கும்? டீ குடுத்து அனுப்பியிருப்பாங்க" என்றாள் பேரணாம்பட்டுப் பெண். ஆறுதலாகச் சொன்னாள். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

வேறு ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். புது வழிகாட்டி ஒரு பெண். முதல் மாதமே என் நிரலை வரி வரியாகப் படித்து, சிவப்பில் திருத்தி, பதினாலு கேள்வி எழுதி அனுப்பினார். இரண்டு நாள் அவர்மேல் பயங்கரக் கோபம். பிறகுதான், ஒருத்தர் படித்தால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று விளங்கியது. பழைய இடத்தைத் தூக்கிப் போடச் சொன்னார். ரேடியோ டெலஸ்கோப்பில் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்த ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டோம். அது எத்தனை நேரத்துக்கு ஒரு சுற்று என்பது வினாடியில் சின்னப் பின்னம் வரை தெரியும். அந்தக் கணக்கில் காமா துகள்களை மடித்து அடுக்கினால், துணை முன்னால் வரும்போது ஒளி மாறுகிறதா? வடக்கும் தெற்கும் திரும்புவதைத் திருத்தி, பக்கத்து இடங்களின் ஒளி கலப்பதைக் கழித்து, துணையில்லாத ஐம்பது பல்சார்களை பிளாங்காகப் போட்டு, இரண்டரை வருஷம் செய்தேன். விடை: மாறவில்லை. மாறினாலும் இதைவிடக் குறைவாகத்தான் மாற முடியும் என்று ஒரு எல்லையைச் சொல்லலாம். அவ்வளவுதான் முடிவு. அண்ணியிடம் சொன்னபோது, "இல்லைன்னு கண்டுபிடிக்க இத்தினி வருஷமா?" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் என் வேலையைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தாள்.

போன வருஷம் பெங்களூரில் ஒரு மாநாட்டுக்கு அந்த முடிவை போஸ்டராக எடுத்துக்கொண்டு போனேன். நீளமான ஹாலில் நூறு போஸ்டர்கள். மக்கள் வந்து, போட்டோ எடுத்து, படிக்காமல் நகர்ந்தார்கள். வீட்டுக்குப் போய்ப் படிப்பார்களாம். ஒரே ஒரு வயதானவர் மட்டும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். எல்லையை எப்படிக் கணக்கிட்டேன் என்று கேட்டார், சொன்னேன், ஒரு இடத்தில் ஒத்துக்கொள்ளவில்லை, போனார். அது போதுமாக இருந்தது.

பன்னிரண்டரை மணிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அடடே, நம்ம பொண்ணு!"

பழைய சார். கழுத்தில் மாநாட்டு அட்டை. இப்போது அந்தக் கல்லூரியில் அவர் முதல்வர். ஆராய்ச்சியை ஊக்குவித்ததற்காகக் கிடைத்த பதவி உயர்வு என்று கேள்விப்பட்டிருந்தேன். கூட வேறு கல்லூரிக்காரர்கள் இரண்டு பேர். அவர்களிடம் திரும்பி, என் போஸ்டரைக் கையால் காட்டினார்.

"என் ஸ்டூடண்ட்தான். தோல் கம்பெனியில இருந்தாங்க. இந்த ஃபீல்டையே நான்தான் ஆரம்பிச்சு வெச்சேன்."

இரண்டு பேரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி அவருக்கு இடம் விட்டேன்.

"நல்லதாப் போச்சு சார், நீங்களே வந்துட்டீங்க. இவங்க ரெண்டு பேருக்கும் அந்த ரெண்டாவது படத்தைக் கொஞ்சம் விளக்குங்களேன்."

அவர் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் பார்த்தார். கூட வந்தவர்கள் காத்திருந்தார்கள். அதில் ஒருத்தர் உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் போலிருக்கிறது, பேனாவை எடுத்துவிட்டார்.

"லன்ச் ஆரம்பிச்சிட்டாங்கன்னு நெனைக்கிறேன்" என்றார் சார். "கூட்டம் ஜாஸ்தி ஆயிடும்."

மூன்று பேரும் போனார்கள். பேனாக்காரர் மட்டும் பாதி வழியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் சாப்பாட்டு வரிசையில் போய் நின்றுகொண்டார்.